பிள்ளையைப் பறிகொடுத்த வீடும் அர்ச். சவேரியாரும்



அர்ச். பிரான்சிஸ் சவேரியாரைப்பற்றி உங்களுக்குப் புதிதாய்ச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். தொட்டிலில் கிடக்கிற பிள்ளைக்கு அவர் பெயரை இட்டு வளர்க்கிற ஊர் நம்முடையது. சவேரியார் என்றும், சவரிமுத்து என்றும், சேவியர் என்றும் கூப்பிட்டால் ஒரே தெருவில் பத்துப்பேர் திரும்பிப் பார்ப்பார்கள். மணப்பாட்டுக் குகையும், கோவாவிலே வணங்கப்படுகிற அவருடைய திருச்சரீரமும், டிசம்பர் 3-ந் தேதித் திருநாளும் நமக்குத் தெரிந்தவைதாம்.

ஆனாலும் அவர் சரித்திரத்தில் நாம் அதிகம் பேசாத பக்கம் ஒன்று உண்டு. அவர் நமது முத்துக்குளித்துறையில் நடமாடிய நாட்களில், பச்சைப்பிள்ளைகளின் சாவு அன்றாடக் காரியமாயிருந்தது. அந்த வீடுகளுக்கு அவர் போனார். தாய் தகப்பனோடு செபித்தார். பிள்ளைகளை அடக்கம் செய்தார். இன்றும் அப்படிப்பட்ட வீடுகள் இல்லாத தெரு கிடையாது. காய்ச்சலில் போன பிள்ளை, ரஸ்தாவில் அடிபட்டுப் போன பிள்ளை, கடலுக்குக் கொடுத்த பிள்ளை, பிறந்த அன்றே கண்ணை மூடின பிள்ளை என்று எத்தனை! அந்த வாசலில் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்று, ஒன்றும் சொல்லாமலே திரும்பினவர்கள் நம்மில் அநேகர். ஆகையால் இந்த வாரம் சவேரியாரின் சரித்திரத்தை அந்த வாசலில் நின்று பார்ப்போம்.

துக்கம் அறிந்த மனிதர்

சவேரியார் 1506-ம் ஆண்டு ஏப்ரல் 7-ந் தேதி நவார் இராச்சியத்தில், ஹவியேர் கோட்டையில் பிறந்தார். வீட்டுக்குக் கடைசிப் பிள்ளை. ஒன்பது வயதிலே தகப்பனாரை இழந்தார். சண்டையினால் குடும்பம் சீர்குலைந்தது. அவர்கள் கோட்டையின் மதில்கள் இடிக்கப்பட்டன. 1525-ல் படிப்புக்காகப் பாரிஸ் நகரம் போனார். அங்கே படித்துக்கொண்டிருக்கையில், 1529-ல் தாயார் காலஞ்சென்றாள். கடைசி முகம் பார்க்க மகனுக்குக் கொடுத்துவைக்கவில்லை. நான்கு வருஷத்துக்குப்பின் கன்னியர் மடத்திலிருந்த சகோதரி மதலேனாளும் போனாள். தூர தேசத்தில் இருந்துகொண்டு சாவுச் செய்தி கேட்பது எப்படியிருக்கும் என்று கப்பலில் வேலை பார்க்கிற நம் பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள்.

பாரிஸிலே அர்ச். இஞ்ஞாசியாருடைய சிநேகம் கிடைத்தது. 1534 ஆகஸ்டு 15-ந் தேதி, மோன்மார்த்து என்னும் குன்றின்மேல் தோழர்களோடு வார்த்தைப்பாடு கொடுத்தார். 1537-ல் வெனிஸ் நகரத்திலே தீராத வியாதிக்காரர் ஆஸ்பத்திரியில் ஊழியம் செய்தார். புண் கழுவினார், படுக்கை விரித்தார், செத்தவர்களைப் புதைக்கிற வேலையிலும் கைகொடுத்தார். அந்த வருஷமே ஜூன் 24-ந் தேதி குருப்பட்டம் பெற்றார். பிரசங்கம் செய்யுமுன்னே துக்கவீட்டு வேலையைக் கற்றுக்கொண்டவர் அவர் என்பதைக் கவனியுங்கள்.

1541 ஏப்ரல் 7-ந் தேதி, தமக்கு 35 வயது நிறைகிற நாளில், லிஸ்பன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். வழியில் மொசாம்பிக்கில் மாதக்கணக்காய்த் தங்கி நோயாளிகளைப் பார்த்தார். 1542 மே 6-ந் தேதி கோவாவில் இறங்கி, ஆஸ்பத்திரியிலேயே குடியிருந்தார். அந்த வருஷ முடிவுக்குள், கோவாவில் படித்துக்கொண்டிருந்த நமது கரைப் பிள்ளைகள் மூவரை அழைத்துக்கொண்டு முத்துக்குளித்துறைக்கு வந்துவிட்டார்.

கொம்புத்துறை வீடு

அப்போது நம் முன்னோர் ஞானஸ்நானம் பெற்று ஆறேழு வருஷமே ஆகியிருந்தது. 1535-ம் ஆண்டு தொடங்கி இரண்டொரு வருஷத்துக்குள் ஏறக்குறைய 20,000 பரதவர் கிறிஸ்தவர்களானார்கள். ஆனால் பாஷை தெரிந்து கூட இருந்து போதிக்கக் குருமார் இல்லை. ஞானஸ்நானம் இருந்தது, செபம் தெரியாது.

இந்தக் கரையில் அவர் நுழைந்த முதல் வீடுகளில் ஒன்று, பிள்ளைப்பேற்று வீடு. கொம்புத்துறை என்று பாரம்பரியம் சொல்லுகிற ஊரில், ஒரு ஸ்திரீ மூன்று நாளாய்ப் பிரசவ வேதனைப்பட்டுக் கிடந்தாள். அவள் பிழைக்கமாட்டாள் என்று கைவிட்டிருந்தார்கள். அந்த ஊரார் கிறிஸ்தவர்களும் அல்ல. அந்நிய தேசத்துச் சந்நியாசி அந்த வீட்டுக்குப் போனார். அவளோடு பேசி, அவள் விசுவசிக்கிறேன் என்றதும் ஞானஸ்நானம் கொடுத்தார். பிள்ளை சுகமாய்ப் பிறந்தது, தாயும் பிழைத்தாள். இதை அவரே 1542 அக்டோபர் 28-ந் தேதி நமது தூத்துக்குடியிலிருந்து இஞ்ஞாசியாருக்கு எழுதின கடிதத்தில் சொல்லியிருக்கிறார்.

அந்த வீட்டில் சந்தோஷம் விளைந்தது. எல்லா வீட்டிலும் அப்படி விளையவில்லை. அதுதான் நாம் கவனிக்கவேண்டியது.

ஆயிரத்துக்கு மேல்

அவர் தமிழ் தெரிந்தவர்களைக் கூட்டிவைத்து, விசுவாசப் பிரமாணத்தையும், கற்பனைகளையும், பரலோக மந்திரத்தையும், மங்கள வார்த்தை செபத்தையும் தமிழில் எழுதுவித்து, மனப்பாடம் செய்தார். கையில் மணியை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாய்ப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். பிறந்த பிள்ளைகளைத் தேடித்தேடி ஞானஸ்நானம் கொடுத்தார். கொடுத்துக் கொடுத்துக் கை சோர்ந்துபோனது.

அது அம்மைக்கும் பேதிக்கும் காய்ச்சலுக்கும் இன்றைய மருந்து இல்லாத காலம். பிள்ளைக்குச் சுகமில்லை, வந்து செபியுங்கள் என்று நாலாபக்கத்திலிருந்தும் ஆள் வரும். நோயாளி வீட்டுக்குப் போவதும், செபிப்பதும், இறந்தவர்களை அடக்கம் செய்வதுமாகவே பொழுது போனதென்று அவருடைய கடிதத்தால் தெரிகிறது.

1544 ஜனவரி 15-ந் தேதி கொச்சியிலிருந்து ரோமாபுரியிலுள்ள தோழர்களுக்கு எழுதின அந்தக் கடிதத்தின் முடிவில், நெஞ்சைத் தொடுகிற காரியம் ஒன்று இருக்கிறது. தம் கையால் ஞானஸ்நானம் பெற்று, மாசற்ற பருவத்திலேயே இறந்துபோன பிள்ளைகள் ஆயிரத்துக்கு மேல் இருக்கும் என்று அவர் மதிக்கிறார். அவர் இந்தக் கரைக்கு வந்து அப்போது ஒன்றேகால் வருஷந்தான் ஆகியிருந்தது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: நாளொன்றுக்கு இரண்டு பிள்ளைகளுக்குக் குறையாது. அத்தனை தொட்டிலும் வெறுந்தொட்டிலாயிற்று. அத்தனை தாய்மாரும் அழுதார்கள்.

அந்த ஆயிரம் பிள்ளைகளை அவர் எதற்காக நினைவுகூர்ந்தார் தெரியுமா? அவர்களைத் தமக்காக மனுப்பேசுகிறவர்களாய் ஏற்படுத்திக்கொள்ளத்தான். தமது வாழ்வைச் சர்வேசுரன் எந்த வழியில் நடத்தச் சித்தமாயிருக்கிறார் என்று அறியும் வரத்தை அந்தப் பிள்ளைகள் வழியாய்க் கேட்டார். பாரிஸில் சாஸ்திரம் படித்த பண்டிதர், நமது கரையில் பேச்சு வருமுன்னே மரித்துப்போன பரதவப் பாலரிடம் உதவி கேட்கிறார்! பிள்ளை செத்தது, அத்தோடு முடிந்தது என்று அவர் எண்ணவில்லை. அந்தப் பிள்ளைகளோடு அவருக்கு இருந்த உறவு சாவோடு அறவில்லை.

கிணற்றில் விழுந்து இறந்த பிள்ளையை அவர் உயிரோடு எழுப்பினார் என்ற பாரம்பரியத்தை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவரை அர்ச்சியசிஷ்டராக உயர்த்துவதற்கு முன் நடந்த விசாரணைகளில் இதுபோன்ற சாட்சியங்கள் சொல்லப்பட்டன. அவரோ தம் கடிதங்களில், செத்தவரை எழுப்பினதாக ஓரிடத்திலும் எழுதவில்லை. ஆகையால், பிள்ளையை இழந்த தாயே, சவேரியாரிடம் மன்றாடியும் என் பிள்ளை பிழைக்கவில்லையே, என் விசுவாசம் குறைவோ என்று உன்னை நீயே வாட்டிக்கொள்ளாதே. சவேரியாரே பக்கத்தில் நின்று செபித்தும் பிழைக்காத பிள்ளைகள் அநேகர்.

ஒருவர் போகமுடியாத இடத்துக்குப் பலர்

கடற்கரை நீண்டது; அழைப்புகள் ஏராளம்; சுவாமியார் ஒருவர். என்ன செய்தார்? செபம் படித்திருந்த சிறுபிள்ளைகளைத் தமக்குப் பதிலாய் அனுப்பினார். அந்தப் பிள்ளைகள் நோயாளியின் வீட்டுக்குப் போய், வீட்டாரையும் அக்கம்பக்கத்தாரையும் கூட்டி, எல்லாருமாய்ச் சேர்ந்து விசுவாசப் பிரமாணத்தைச் சொல்லவைப்பார்கள். வியாதிக்காரனுக்குத் தைரியம் சொல்லுவார்கள்.

ஊர்தோறும் கணக்கப்பிள்ளை என்று ஒருவரை நியமித்தார். சாகக் கிடக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கவும், செபம் சொல்லிக்கொடுக்கவும், கோவிலைக் கவனிக்கவும் அவரே பொறுப்பு. போர்த்துக்கல் தேசத்து அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று நம் கரையிலிருந்து போய்க்கொண்டிருந்த பணத்தைக் கேட்டு வாங்கி, அவர்களுக்குச் சம்பளம் ஏற்படுத்தினார். நமது கோவில்களின் உபதேசியார் மரபுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

துக்கவீட்டுக்குப் போவது சுவாமியாருடைய வேலைமட்டுமல்ல, ஊராருடைய வேலை என்பது இதனால் விளங்குகிறது. அதே ஊரான், அதே பாஷை பேசுகிறவன், நாளைக்கும் அதே தெருவில் இருக்கப்போகிறவன் போனால்தான் ஆறுதல் நிலைக்கும்.

முதலில் தண்ணீர்

1544 ஜூன் மாதத்தில் வடுகர் படை கன்னியாகுமரிப் பக்கத்து ஊர்களைச் சூறையாடியது. நம்மவர் கடலிலுள்ள பாறைகளில் ஏறித் தப்பினார்கள். அங்கே பசியாலும் தாகத்தாலும் செத்துக்கொண்டிருந்தார்கள். சவேரியார் மணப்பாட்டிலிருந்து இருபது தோணிகளைக் கொண்டுபோக முயன்றார். காற்று எதிர்த்து அடித்தது. தோணிகள் போய்ச் சேரவில்லை. பின்பு தரைவழியாய் நடந்தே போய் அவர்களைப் பார்த்தார். நடக்கமாட்டாத கிழவர், உண்ண ஒன்றுமில்லாதவர், சாகக் கிடந்தவர், வழியிலேயே பிள்ளை பெற்ற ஸ்திரீகள் ஆகிய இவர்களைக் கண்டு அவர் மனம் கசிந்தது. அந்த ஏழைகளுக்காக வீட்டுக்கு வீடு பிச்சை கேட்கச்சொல்லி ஊர்களுக்கு ஆள் அனுப்பினார்.

செப்டம்பர் மாதத்தில் நமது தூத்துக்குடிக்கே அந்தக் கதி நேர்ந்தது. ஜனங்கள் எதிரேயுள்ள தீவுகளுக்கு ஓடி, அங்கே தண்ணீரில்லாமல் தவித்தார்கள். சவேரியார் ஆலந்தலையிலிருந்து 5-ந் தேதி தம் உதவியாளரான மான்சிலாஸ் என்பவருக்கு அவசரமாய் எழுதி, கிடைக்கிற தோணிகளிலெல்லாம் தண்ணீரையும் உணவையும் ஏற்றிக்கொண்டு உடனே தீவுகளுக்குப் போகச்சொன்னார். அந்தக் கடிதத்தில் பிரசங்கம் இல்லை. தண்ணீரும் தோணியுந்தான் இருக்கின்றன.

துக்கவீட்டிற்குப் போகிறவர்கள் இதை மனதில் வையுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்கு முதல் நாளில் வேதசாஸ்திரம் வேண்டாம். ஒரு குவளை கஞ்சி வேண்டும். அடுப்பு மூட்ட ஆள் வேண்டும். மற்றப் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்ப ஆள் வேண்டும்.

சட்டைக்குள் வைத்திருந்த பெயர்கள்

பின்பு அவர் மலாக்காவுக்கும், அதற்கு அப்பாலுள்ள மொலுக்காத் தீவுகளுக்கும் போனார். அங்கே தன்னந்தனியாயிருந்த நாட்களில், ஐரோப்பாவிலிருந்து வந்த கடிதங்களில் தோழர்கள் போட்டிருந்த கையெழுத்துகளை வெட்டியெடுத்து, தம் வார்த்தைப்பாட்டுச் சீட்டோடு சேர்த்து மார்பிலே வைத்துக்கொண்டார். இதை 1546-ல் அம்போன் தீவிலிருந்து அவரே எழுதியிருக்கிறார். அன்பு வைத்தவரின் பெயர் எத்தனை பெரிய ஆறுதல் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

நாமோ இறந்த பிள்ளையின் பெயரைச் சொன்னால் தாய்க்கு நோகும் என்று நினைத்து, பெயரையே மறைத்துவிடுகிறோம். படத்தைக் கழற்றி வைக்கிறோம். சட்டைகளைக் கேளாமலே எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். அவளுக்கோ தன் பிள்ளையை ஊர் மறந்துபோயிற்றே என்பது இரண்டாவது சாவாகிறது. பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும், கூட இருங்கள்.

ஜப்பானில் கேட்ட கேள்வி

இனிச் சொல்லப்போவது கஷ்டமான காரியம். ஆனாலும் மறைக்கக்கூடாது.

1549 ஆகஸ்டு 15-ந் தேதி சவேரியார் ஜப்பானில் இறங்கினார். யமகுச்சி என்ற ஊரில் அநேகர் மனந்திரும்பினார்கள். அந்தப் புதுக் கிறிஸ்தவர்கள் கண்ணீரோடு அவரிடம் கேட்டது ஒன்றே. வேதம் அறியாமலே இறந்துபோன எங்கள் தாய் தகப்பன், மனைவி, மக்கள் கதி என்ன? நாங்கள் தருமம் செய்தால், செபம் செய்தால், அவர்களுக்கு உதவாதா? அக்காலத்துப் போதகத்தின்படி, வழியில்லை என்றே அவர் பதில் சொன்னார். அவர்கள் அழுதார்கள். அவர்கள் அழுகிறதைக் கண்டு தமக்கும் துயரமாயிருந்ததென்று 1552 ஜனவரி மாதத்தில் ஐரோப்பாவுக்கு எழுதினார். அந்த வருஷமே டிசம்பர் 3-ந் தேதி, சீன தேசத்துக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் காய்ச்சலால் உயிர் துறந்தார். பெற்ற தாயோ, உடன்பிறந்தவரோ, சபைத் தோழரோ அருகில் இல்லை. அவருக்கு வயது 46. 1622 மார்ச் 12-ந் தேதி இஞ்ஞாசியாரோடு அர்ச்சியசிஷ்ட பட்டத்துக்கு உயர்த்தப்பட்டார்.

அவரிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி அவரோடு முடியவில்லை. ஞானஸ்நானம் பெறுமுன்னே பிள்ளை இறந்த வீடுகளில், நமது பாட்டிமார் காலம்வரைக்கும் அது நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருந்தது. அந்தப் பிள்ளைகளை மந்திரித்த கல்லறையில் வைக்காமல், ஒதுக்குப்புறமாய்ப் புதைக்கிற வழக்கமும் இருந்தது. தாய் அழவும் வெட்கப்பட்டாள்.

இன்று திருச்சபை என்ன சொல்லுகிறது என்பதை ஒவ்வொரு குடும்பமும் தெரிந்திருக்கவேண்டும். 1969-ம் ஆண்டின் அடக்கச் சடங்கு முறையிலே, ஞானஸ்நானம் பெறாமல் இறந்த பிள்ளைகளுக்கும் செபங்கள் ஏற்பட்டன. பெற்றோர் ஞானஸ்நானம் கொடுக்க நினைத்திருந்து அதற்குமுன் பிள்ளை இறந்தால், மேற்றிராணியார் அனுமதியோடு கோவில் முறைப்படி அடக்கம் செய்யலாம் என்று 1983-ம் ஆண்டின் திருச்சபைச் சட்டம் 1183-ம் எண்ணில் கூறுகிறது. 1992-ம் ஆண்டின் ஞானோபதேசம், 1261-ம் எண்ணில், இந்தப் பிள்ளைகளைச் சர்வேசுரனுடைய இரக்கத்தில் ஒப்படைத்து, அவர்கள் இரட்சணியம் அடைவார்கள் என்று நம்பிக்கை கொள்ளச் சொல்லுகிறது. 2007-ல் வேதசாஸ்திரிகளின் சர்வதேச ஆணைக்குழு இதே காரியத்தை விரிவாய் ஆராய்ந்து, நம்பிக்கைக்குத் தக்க காரணங்கள் உண்டென்று எழுதியது. ஆகையால், அந்தச் சுமையை இன்னும் யாராவது ஒரு கிழவி நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தால், போய் இதைச் சொல்லுங்கள். ஐம்பது வருஷம் கழிந்தாலும் சொல்லுங்கள்.

துக்கத்துக்கு மருந்து கற்றவர்கள்

பிள்ளையை இழந்தவர்களுக்கு ஆறுதல் சொல்வதை நம் காலத்தில் ஒரு கலையாகவே கற்றுக்கொடுக்கிறார்கள். அதைத் துயர ஆலோசனை என்கிறார்கள். அதன் சரித்திரத்தில் இரண்டு காரியங்களைப் பாருங்கள்.

இங்கிலாந்தில் கவன்றி நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், 1968-ல் இரண்டு குடும்பங்கள் தங்கள் மகன்களைப் பறிகொடுத்தன. சைமன் ஸ்டீபன்ஸ் என்ற வாலிப குரு அங்கே ஊழியம் செய்துகொண்டிருந்தார். தம்முடைய வார்த்தைகளைவிட, அந்த இரண்டு பெற்றோரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வதே அதிக ஆறுதல் தருவதை அவர் கண்டுகொண்டார். அவர்களைச் சேர்த்து 1969-ல் தொடங்கிய கம்பாஷனேட் பிரெண்ட்ஸ் என்னும் சங்கம், பின்பு பல தேசங்களில் பரவியது. பிள்ளையை இழந்தவளுக்கு, முன்பு அதே நெருப்பில் நடந்தவளே நல்ல துணை.

இரண்டாவது: இறந்தவரோடுள்ள பந்தத்தை அறுத்துவிட்டால்தான் துக்கம் ஆறும் என்று முன்பு பல மருத்துவர்கள் எண்ணினார்கள். பிள்ளையை இழந்த பெற்றோரோடு வெகுகாலம் பழகின டென்னிஸ் கிளாஸ் என்ற அமெரிக்க அறிஞரும் அவருடைய தோழர்களும் 1996-ல் வெளியிட்ட நூலில் வேறுவிதமாய்ச் சொன்னார்கள். பந்தத்தை அறுக்கவேண்டியதில்லை, அது வேறு உருவத்தில் தொடருவதே இயல்பு என்றார்கள். ஆயிரம் பாலரைத் தமக்காக மனுப்பேசும்படி கேட்ட சவேரியார் இதைக் கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டார்.

2004 டிசம்பர் 26-ந் தேதி, கிறிஸ்துமஸ் மறுநாள், ஆழிப்பேரலை வந்தது. குளச்சலிலும் கொட்டில்பாட்டிலும் மணக்குடியிலும் தாய்மார் கைகளிலிருந்தே அலை பிள்ளைகளைப் பறித்துக்கொண்டது. அநேகரைத் தனிக்கல்லறையில் வைக்கக்கூட வழியில்லாமல் ஒரே குழியில் புதைக்க நேர்ந்தது. அதன்பின் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிலையத்தார் தமிழ்நாட்டுக்கு வந்து, ஊர்த் தொண்டர்களுக்கே பயிற்சி கொடுத்தார்கள். வீட்டுக்கு வீடு போ, பேசச் சொல்லிக் கேள், குறுக்கே பேசாதே, மறுபடியும் போ: பயிற்சியின் சாரம் இவ்வளவுதான். கணக்கப்பிள்ளைகளையும் சிறுபிள்ளைகளையும் அனுப்பின நம் அர்ச்சியசிஷ்டரின் முறை உங்களுக்கு நினைவு வரவில்லையா?

நாம் செய்யவேண்டியது

துக்கவீட்டுக்குப் போகிறவர்களே, வேறே பிள்ளை பிறக்கும் என்று சொல்லாதீர்கள். போன பிள்ளைக்கு வேறு பிள்ளை ஈடாகாது. நல்ல பூவைச் சர்வேசுரன் பறித்துக்கொண்டார் என்றும் சொல்லாதீர்கள். தாயின் மடியிலிருந்து பிடுங்குகிறவர் என்று அவரைப்பற்றி அவள் எண்ணும்படி ஏன் செய்யவேண்டும்? லாசருவின் கல்லறையருகே சேசுநாதர் முதலில் கண்ணீர்விட்டார் என்பதை நினையுங்கள். ஆஸ்பத்திரிக்கு முந்தியே கொண்டுபோயிருக்கலாம் என்ற பேச்சு வாயில் வரவேகூடாது. அந்த வார்த்தையை அவள் சாகிறவரைக்கும் சுமப்பாள்.

அடக்கத்துக்கு ஊரே வரும். ஏழாம் நாளும் வரும். முப்பதாம் நாள் பூசையோடு எல்லாரும் அவரவர் வேலைக்குப் போய்விடுவார்கள். அதற்குப் பின்தான் வீடு வெறிச்சோடுகிறது. மூன்றாம் மாதத்தில் போங்கள். பிள்ளை பிறந்த நாளில் போங்கள். சகபாடிகள் புதுநன்மை வாங்குகிற நாளில், அந்தத் தாயின் பக்கத்தில் போய் உட்காருங்கள்.

தகப்பனை மறவாதீர்கள். அவன் அழமாட்டான். நாலாம் நாளே தொழிலுக்குப் போய்விடுவான். அவனுக்கு மனசு கல் என்று பெண்டுகள் பேசுவார்கள். அவன் துக்கம் கடலிலே, யாரும் பாராத இடத்திலே இருக்கிறது. புருஷனும் மனைவியும் ஒரே விதமாய் அழுவதில்லை. இதை அறியாமல் ஒருவர்மேல் ஒருவர் குறைப்பட்டுப் பிரிந்த குடும்பங்கள் உண்டு. மீதிப் பிள்ளைகளையும் கவனியுங்கள். தம்பியோடு சண்டை போட்டேனே, அதனால்தான் செத்தான் என்று ஒரு சின்ன அண்ணன் மூலையில் உட்கார்ந்திருப்பான். அது உன் குற்றமல்ல என்று அவனுக்கு யாராவது வாய்விட்டுச் சொல்லவேண்டும். தம்பி தூங்குகிறான் என்று அவனிடம் பொய் சொல்லாதீர்கள். அவன் தூங்கவே பயப்படுவான்.

மாதங்கள் கழிந்தும் ஊண் உறக்கமில்லாமல் கிடந்தாலோ, தானும் பிள்ளையோடு போய்விடுகிறேன் என்று பேசினாலோ, அது விசுவாசக் குறைவல்ல, வைத்தியம் வேண்டிய நிலை. தனியே விடாதீர்கள். நமது அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022 முதல் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் என்னும் இலவச அரசாங்க உதவித் தொலைபேசியும் இருக்கிறது. கால் முறிந்தால் வைத்தியனிடம் போகிற நாம், மனசு முறிந்தால் போக ஏன் வெட்கப்படவேண்டும்?

பிள்ளையை இழந்த தாய் தகப்பன்மாரே, கடைசி வார்த்தை உங்களுக்கு. மறந்துவிடுங்கள் என்று உங்களுக்குச் சொல்லமாட்டோம். உங்கள் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால், அந்தப் பிள்ளையையும் சேர்த்தே எண்ணிச் சொல்லுங்கள். இரவு செபமாலை முடிவில் அதன் பெயரைச் சொல்லி, எங்களுக்காக வேண்டிக்கொள் என்று கேளுங்கள். உலகமெங்கும் திரிந்த பெரிய அர்ச்சியசிஷ்டரே நமது கரைப் பாலரிடம் அப்படிக் கேட்டார். நீங்களோ அதற்குப் பால் கொடுத்தவர்கள், தோளில் சுமந்தவர்கள். உங்கள் குரலை அது அறியும்.

மற்றவர்களே, இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புமுன் உங்கள் தெருவில் யோசித்துப் பாருங்கள். எந்த வீட்டில் ஒரு பிள்ளையின் பெயரை நாம் சொல்லாமல் விட்டோம்? அந்த வீட்டுக்குப் போங்கள். கையில் கொஞ்சம் கஞ்சியோ, நாலு பழமோ கொண்டுபோங்கள். வார்த்தை வராவிட்டால் கவலைப்படாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும்.